கத்தரிக்காய்ப் புழுவின் பெயருக்குள் இருந்த ஏழு புதிய அந்துப்பூச்சிகள்: ஓர் உடற்கூறு நிகழ்வு ஆய்வு

கத்தரிக்காயைச் சொத்தையாக்கும் புழுவின் அறிவியல் பெயர் லூசினோடெஸ் ஆர்போனாலிஸ். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் கெனே 1854-இல் ஆசியப் பூச்சிக்கு வைத்த பெயர் அது. பின்னாளில் ஆப்பிரிக்காவில் கத்தரிக்காயைத் துளைத்த பூச்சிகளுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆப்பிரிக்கக் காய்களோடு ஐரோப்பியத் துறைமுகங்களில் பிடிபட்ட புழுக்களும் ஆர்போனாலிஸ் என்றே பதிவாயின. 2015-இல் ரிச்சர்ட் மாலி உள்ளிட்ட ஆறு பேர் ஸூகீஸ் இதழில் இந்தக் கணக்கைத் திருத்தினார்கள். அவர்கள் ஆராய்ந்த ஆப்பிரிக்க மாதிரிகளில் ஆர்போனாலிஸ் ஒன்றுகூட இல்லை. சகாராவுக்குத் தெற்கே இருப்பவை எட்டு தனி இனங்கள். அவற்றில் லாய்சாலிஸ் என்ற ஒன்றுக்கு மட்டும் வாக்கர் 1859-இலேயே பெயர் வைத்திருந்தார். மற்ற ஏழும் அறிவியலுக்குப் புதியவை: ஆப்ரிகென்சிஸ், எத்தியோப்பிகா, கென்யென்சிஸ், மலாவியென்சிஸ், சூடோர்போனாலிஸ், ரிமாவல்லிஸ், உகாண்டென்சிஸ்.

இவை காட்டின் நடுவில் ஒளிந்திருந்த பூச்சிகள் அல்ல. சில விற்பனைக்கு வந்த காய்களுக்குள் இருந்தவை. சில அருங்காட்சியகப் பெட்டிகளில் தவறான பெயர்ச்சீட்டோடு குத்தப்பட்டுக் கிடந்தவை. வயிற்றைத் திறந்து, ஏற்கெனவே பெயருள்ள ஆசியப் பூச்சியோடு உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டபோதுதான் பிரிந்து தெரிந்தன. சென்னையில் அந்துப்பூச்சி வகைப்பாட்டில் இறங்குவோருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. ஒப்பீட்டின் மறுபக்கமான ஆர்போனாலிஸ் கோயம்பேடு சந்தையின் கழிவுக்கூடையிலேயே கிடைக்கிறது. புது இனம் என்று சொல்லும் முன் பழைய இனத்தின் உள்ளுறுப்பு கைக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்கு இந்தப் பூச்சியிலிருந்து தொடங்கலாம்.

இறக்கை ஏன் போதவில்லை

இந்தப் பூச்சி இறக்கை விரித்தால் சுமார் 2 செ.மீ. வெள்ளை இறக்கையில் பழுப்பும் கருப்புமாகத் திட்டுகள். நிறம் முழுவதும் செதிலில்தான் இருக்கிறது. செதில் உதிர்ந்தால் அடையாளமும் உதிர்ந்துவிடும். விளக்குத் திரையில் சிக்கி இரவெல்லாம் படபடத்த பூச்சியிலும், பொறியின் பசையில் ஒட்டிய பூச்சியிலும் திட்டுகளின் விளிம்பைப் பார்த்து முடிவு சொல்வது வீண். நல்ல நிலையிலுள்ள பூச்சிகளிலும் ஒரே இனத்துக்குள் நிறம் கூடிக் குறையும். நெருங்கிய உறவு இனங்களுக்குள் திட்டுகள் கிட்டத்தட்ட ஒரே அமைப்பில்தான் இருக்கும்.

இந்தியாவில் இன்றும் பலர் முதலில் புரட்டும் நூல் ஹாம்ப்சனின் பிரித்தானிய இந்திய விலங்கினத் தொகுதிகள். 1892 முதல் 1896 வரை நான்கு அந்துப்பூச்சித் தொகுதிகள் வந்தன. கத்தரிப் பூச்சி சேர்ந்த குழு நான்காவதில் இருக்கிறது. உணர்கொம்பு, வாய்முன் உணர்விரல்கள், இறக்கை நரம்பு, நிறம் ஆகியவற்றை வைத்துக் கட்டிய நூல் அது. பேரினம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குள் மறைந்திருக்கும் இனங்களைப் பிரிக்க அது உதவாது. அந்தக் காலத்தில் பிறப்புறுப்பைப் பார்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை.

பிறப்புறுப்பு ஏன் உதவுகிறது? ஒரே இனத்துக்குள் அது பெரிதாக மாறுவதில்லை. இனத்துக்கு இனம் மாறுகிறது. பூச்சியின் மேலோட்டுப் பொருளான கைட்டின் தடித்த பகுதிகள் என்பதால் நூறு வருடம் காய்ந்த உடலிலும் அழியாமல் இருக்கின்றன. இறக்கையே இல்லாத பூச்சியிலும் வயிறு இருந்தால் போதும்.

மாதிரி தயாரித்தல்

துளை விழுந்த காயைப் பார்த்து வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய வட்டத் துளை பெரும்பாலும் புழு வெளியேறிவிட்ட அடையாளம். காம்புக்கும் புல்லிக்கும் அருகே சிறு பொட்டாக அடைபட்டு, எச்சம் ஒட்டியிருக்கும் காயில்தான் புழு உள்ளே இருக்கும். காய்களை மூடியில் வலை பதித்த பிளாஸ்டிக் டப்பாவில், அடியில் காகிதத்தைக் கசக்கிப் போட்டு வைக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறப் புழு முற்றியதும் வெளியே வந்து காகித மடிப்பில் சாம்பல் நிறக் கூடு கட்டும். சென்னையில் டப்பாவுக்குள் நீர் கோத்துக் காய் அழுகுவதுதான் முதல் இழப்பு. தினமும் காகிதத்தை மாற்றி, ஈரத்தைத் துடைத்துவிட்டால் தப்பிக்கலாம். சில கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதில் மெலிந்த குளவி வரும். ட்ரதாலா ஃப்ளேவோஆர்பிடாலிஸ் என்ற ஒட்டுண்ணி அது. எறிந்துவிடாமல் அதே எண்ணிட்டு ஆல்கஹாலில் போட்டு வைக்க வேண்டும்.

வெளிவந்த பூச்சியை உடனே கொல்லக் கூடாது. இறக்கையும் உள்ளுறுப்பும் இறுக ஒரு நாள் தேவை. அவசரப்பட்டுக் கொன்ற பூச்சியின் பிறப்புறுப்பு வெளிறி, மென்மையாக, ஓரங்கள் மடிந்து இருக்கும். அதை வேறு இனத்தின் அடையாளமாக நினைத்துவிடுவது எளிது. கொன்றபின் இறக்கை விரித்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் இரண்டு வாரம் உலரவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த பலகையில் விரித்த இறக்கை ஈரம் பிடித்துத் தொங்கிவிடும், பூஞ்சையும் ஏறும்.

ஆணா பெண்ணா என்பதைப் பின்னிறக்கை அடியிலுள்ள ஃப்ரெனுலம் சொல்லும். ஆணுக்குத் தடித்த ஒரே முள், பெண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மெல்லிய முட்கள். வயிற்றை எடுக்கும் முன் இதைப் பார்த்து எழுதிவிட்டால் பிறகு மாதிரிகள் மாறிப்போகாது.

வயிற்றைத் திறத்தல்

வயிற்றை மெல்ல மேல்நோக்கி நெம்பினால் மார்பிலிருந்து கழன்று வரும். இந்தப் பூச்சியின் குடும்பமான கிராம்பிடேயில் ஒரு கூடுதல் எச்சரிக்கை: செவி உறுப்புகள் வயிறு தொடங்கும் இடத்தில், முதல் கண்டங்களை (உடல் வளையங்களை) ஒட்டி இருக்கின்றன. நடுவயிற்றில் வெட்டினால் அவை பூச்சியோடு நின்றுவிடும். அவசரமாக இழுத்தால் கிழிந்துவிடும். அவை பயனுள்ள உறுப்புகள். செவி அறை முன்புறம் திறந்தும், ப்ரேசின்க்டோரியம் என்ற மடல் நடுவிலும் இருந்தால் கிராம்பிடே. அறை மூடி, மடல் இல்லாமல் இருந்தால் பைராலிடே. இறக்கை நரம்பைத் தேடிக் கண் வலிப்பதைவிட இது வேகமான சோதனை. லூசினோடெஸ் கிராம்பிடே குடும்பத்தின் ஸ்பைலோமெலினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது.

தசையையும் கொழுப்பையும் கரைக்க 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். 10 கிராம் வில்லைகளைக் கரைத்து 100 மி.லி. ஆக்க வேண்டும். வில்லைகள் காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்ளும். சென்னைக் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்து நிதானமாக எடை போட்டால், எடையில் ஒரு பங்கு நீரும் கார்பனேட்டும்தான். கரைசல் வலுவில்லாமல் போய், குறித்த நேரத்தில் கொழுப்பு கரையாது. புதிய டப்பா, இறுக்கமான மூடி, பிளாஸ்டிக் புட்டி என்று மூன்றும் வேண்டும். கரைசல் கண்ணாடியை அரிக்கும். கண்ணிலும் கையிலும் படக்கூடாது, எனவே பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அறை வெப்பத்தில் ஓர் இரவு ஊறவைப்பது பாதுகாப்பான முறை. அவசரமென்றால் சோதனைக் குழாயை வெந்நீரில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம். நேரடியாக அடுப்பில் கொதிக்கவைத்தால் குழாய் பொங்கி வயிறு தெறித்துவிடும். அதிகம் வெந்த பெண் பூச்சியின் விந்துப்பொதி பெறும் பை கண்ணாடியாகித் தொட்டதும் சுருண்டுவிடும். குறைவாக வெந்தால் தசைநார்கள் ஒட்டி நின்று, இழுக்கும்போது உறுப்பு கிழியும்.

பிறகு தண்ணீரில் அலசி, 30 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி, மிக நுண்ணிய தூரிகையால் செதிலை வயிற்றின் நுனியை நோக்கித் தள்ள வேண்டும். செதில் முழுதாகப் போகாவிட்டால் ஸ்லைடில் ஒவ்வொன்றும் முள் போலத் தெரிந்து ஏமாற்றும். எத்தனால் வாங்க அனுமதி இல்லாத இடத்தில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதுமானது.

ஆணில் எட்டாம் கண்டத்துக்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலுள்ள சவ்வைச் சுற்றி வெட்டி உறுப்பை வெளியே எடுக்க வேண்டும். பெண்ணில் இந்த அவசரம் ஆபத்து. வால்முனையில் பிடித்து இழுத்தால் டக்டஸ் பர்ஸே என்ற குழாய் அறுந்து, கார்பஸ் பர்ஸே என்ற பை வயிற்றுக்குள்ளேயே நின்றுவிடும். அந்தப் பை வயிற்றின் முன்பகுதி வரை நீண்டிருக்கக்கூடும். எனவே பெண்ணின் வயிற்றுத் தோலை ஒரு பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் வெட்டித் திறந்து, பையைக் கண்ணால் பார்த்த பிறகே ஏழாம் கண்டத்தைப் பிரிக்க வேண்டும். வெட்டிய தோலை எறியாமல் அதே ஸ்லைடில் ஏற்ற வேண்டும். செவி உறுப்பும் கண்டங்களின் அமைப்பும் அதில் இருக்கின்றன.

ஆணின் மையத் தண்டான ஃபாலஸைத் தனியே பிரிக்க, அதைத் தாங்கும் தட்டான ஜக்ஸ்டாவைச் சுற்றிய சவ்வை நுண்ணூசியால் விடுவித்து முன்புறமாக இழுக்க வேண்டும். பின்புறம் இழுத்தால் ஜக்ஸ்டா உடையும். ஃபாலஸுக்குள் சுருண்டிருக்கும் வெசிக்கா என்ற பையை நுண்சிரிஞ்சால் ஆல்கஹால் செலுத்தி வெளியே புரட்டினால் முழு வடிவம் தெரியும். இந்த வேலையைச் சலிப்பாக நினைத்து விட்டுவிடுவோர் அதிகம். காய்ப்புழுப் பூச்சிகளான ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவையும் ஹெலிகோவெர்பா ஸியாவையும் பிரிக்கும் அடையாளம் அங்கேதான் இருக்கிறது: வெசிக்காவின் அடியில் முன்னதற்கு ஒரு மடல், பின்னதற்கு மூன்று. புரட்டாத வெசிக்காவில் அது தெரியாது.

சாயத்துக்குக் குளோரசால் பிளாக் நல்லது, குறிப்பாகப் பெண்ணின் சவ்வுக்கு. நுண்ணோக்கியின் கீழேயே வைத்துச் சில நொடிகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கறுத்துப் போனால் மீட்பது கடினம்.

படம் முதலில், ஸ்லைடு பிறகு

கவர் கண்ணாடிக்கு அடியில் போனதும் முப்பரிமாண உறுப்பு தட்டையாகிவிடும். எனவே கிளிசரினில் மிதக்கும் நிலையிலேயே வயிற்றுப்புறமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுக்க வேண்டும். வால்வா என்பது இடுக்கியின் இரு கைகள் போல மூடித் திறக்கும் ஆண் உறுப்பு. கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாலே அதன் உட்புறத்திலிருந்து எழும் ஃபிபுலா என்ற முளையின் கோணமும், சாக்குலஸ் என்ற அதன் கீழ்ப்பகுதியின் விளிம்பும் வேறாகத் தெரியும். இரண்டு ஸ்லைடுகளில் வால்வா வெவ்வேறு கோணத்தில் அமர்ந்திருப்பதை இரண்டு இனம் என்று எழுதிய விவரணைகள் பின்னர் இணைப்பெயராகத் தள்ளப்படுவது வழக்கமான கதை. ஒரே இனத்தின் சில ஆண்களை ஒரே கோணத்தில் ஏற்றிப் பார்க்காமல் எந்த விளிம்பு வேறுபாட்டையும் நம்பக் கூடாது.

ஆல்கஹால் படிகளை 50, 70, 90, முழு ஆல்கஹால் என ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் வைத்து ஏற்ற வேண்டும். 90-இல் உறுப்பு விறைக்கும் முன் வால்வாக்களை விரித்துச் சிறு கண்ணாடித் துண்டால் அழுத்திவிட வேண்டும். விறைத்தபின் விரித்தால் ஒடியும். யூபரால் என்ற பசையில் ஏற்றுவது வசதி. கனடா பால்சம் என்ற மரப்பிசினில் சிறிது நீர் மிச்சமிருந்தாலும் பால் போல வெளுத்துவிடும், சென்னையில் முழு ஆல்கஹால் புட்டியைத் திறந்து வைத்தால் நீர் சேர்வது உறுதி. யூபரால் அந்தப் பிழையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். 40 டிகிரி வெப்பத்தில் வாரக்கணக்கில் கிடைமட்டமாக உலர வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஃபாலஸ் நகர்ந்துவிடும்.

எதைப் படிப்பது

ஆணில் அன்கஸ் என்ற மேல்கொக்கியின் நுனி, டெகுமென் என்ற மேல்வளைவு, வின்குலம் என்ற கீழ்வளைவு, வால்வாவின் நீளமும் அகலமும், ஃபிபுலா, சாக்குலஸ், ஜக்ஸ்டா, ஃபாலஸ், அதனுள் கார்னூட்டி என்ற முட்கள். பெண்ணில் ஆஸ்டியம் என்ற புணர்வாய், குழாயின் தடித்த பகுதி, பை, அதன் சுவரில் சிக்னம் என்ற தடித்த தட்டு உண்டா இல்லையா என்பது. ஒவ்வொன்றுக்கும் "உண்டு" மட்டும் போதாது, "இல்லை" என்பதையும் எழுத வேண்டும். ஸ்பைலோமெலினேயில் ஆணின் அன்கஸுக்குக் கீழே வரும் க்னாதோஸ் என்ற உறுப்பு இல்லாமல் இருப்பதே ஓர் அடையாளம்.

இரண்டு பொறிகள் இங்கே காத்திருக்கின்றன. டார்ட்ரிசிடே போன்ற குடும்பங்களில் கார்னூட்டி புணர்ச்சியின்போது உதிர்ந்து பெண்ணின் பைக்குள் போய்விடும்; முள் இல்லாத ஆணைப் புது இனமாகவும், முள் உள்ள பையைச் சிக்னமாகவும் எழுத இடம் உண்டு. வளர்ப்பில் தனியே வெளிவந்த ஆண் இதற்கு மருந்து. இன்னொன்று, புணர்ந்த பெண்ணின் பையில் மிச்சமிருக்கும் விந்துப்பொதி. காரத்தில் அது முழுதாகக் கரையாது. கழுத்துப் பகுதி கெட்டியான தட்டு போலவே தெரியும்.

இறக்கை, ஆண் பெண் பிறப்புறுப்பு, புழு, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆகிய எல்லாச் சான்றும் சேர்ந்துதான் லூசினோடெஸ் ஆய்வின் முடிவைத் தாங்கின. துறைமுகத்தில் பிடிபடுவது பெரும்பாலும் புழு என்பதால் பூச்சியோடு புழுவையும் இணைத்தது நடைமுறைக்கு மிக முக்கியம். டிஎன்ஏவுக்கு ஒரு காலைக் கழற்றி சிஓ1 என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள பகுதியைப் படிப்பது வழக்கம். சிறிய பூச்சியானால், புரோட்டினேஸ் கே நொதியில் வயிற்றையே ஊறவைத்து டிஎன்ஏ எடுத்தபின் அதே வயிற்றைப் பிறப்புறுப்புக்குத் திறக்கலாம். ஒரே உடலிலிருந்து இரண்டு சான்றும் கிடைப்பதால் மாதிரி மாறிப்போகும் பேச்சே இல்லை.

பெயரும் வகைமாதிரியும்

உறுப்பு வேறாக இருக்கிறது என்று காட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. அந்தப் பேரினத்தில் ஏற்கெனவே வைத்த ஒவ்வொரு பெயரும் எந்த மாதிரியைச் சுட்டுகிறது என்று தேட வேண்டும். லூசினோடெஸ் ஆய்வில் இந்த வேலையின் விளைவுகள் புது இனங்களுக்குச் சமமானவை. கேடே 1917-இல் வைத்த ட்ரான்ஸ்லூசிடாலிஸ், வாக்கரின் லாய்சாலிஸ்தான் என்று தெரிந்தது. ஸீலியோடெஸ் என்ற பேரினமே லூசினோடெஸுக்குள் கரைந்தது. புதுப் பெயர் வைக்கும் முன் இந்தத் தேடலை முடிக்காதவர் பழைய இனத்துக்கு இன்னொரு பெயர் சேர்த்துவிட்டுப் போவார். இந்திய அந்துப்பூச்சிகளின் வகைமாதிரிகள், அதாவது பெயருக்கு ஆதாரமான மூல மாதிரிகள், பெருமளவு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பதால், அங்குள்ள மாதிரியின் படமோ ஸ்லைடின் படமோ கேட்டுப் பெறுவது இந்த வேலையின் தவிர்க்க முடியாத படி.

விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இனம் புதியது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். படம் மட்டும் போதாது. ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான மாதிரி) எனக் குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் செய்த பதிவும் அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். வேறுபாட்டுப் பத்தியைச் சுருக்கமாக, மிக நெருங்கிய இனத்தின் பெயரைச் சொல்லி, "அதில் இப்படி, இதில் இப்படி" என்று எழுதுவதே நல்ல முறை. "தனித்துவமான பிறப்புறுப்பு" என்று எழுதுவது யாருக்கும் உதவாது.

இந்தியாவில் புது இனம் கண்டால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பொருந்தும்: அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய களஞ்சியம். அதன் தென் மண்டல மையம் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் அலுவலகமும் தரமணியில்தான். கிண்டி தேசியப் பூங்காவிலோ நன்மங்கலம் காப்புக்காட்டிலோ விளக்கு வைப்பதற்கு வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி எண்ணைக் கட்டுரையில் கொடுக்காவிட்டால் நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பும்.

பூச்சி, ஸ்லைடு, டிஎன்ஏ குழாய், புழுவின் தலை ஓடு ஆகிய நான்கிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பூச்சியின் ஊசியில் "பிறப்புறுப்பு ஸ்லைடு" என்று எண்ணோடு தனிச் சீட்டு குத்த வேண்டும். வயிறில்லாத பூச்சியும் பூச்சி தெரியாத ஸ்லைடும் அருங்காட்சியகங்களில் ஏராளம். அவற்றை மீண்டும் சேர்த்துவைக்க யாராலும் முடியாது.

ஆப்பிரிக்கப் பூச்சிகள் பிரிந்ததால் பயிர்ப் பாதுகாப்பிலும் கணக்கு மாறியது. ஆர்போனாலிஸை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறி மற்ற இனங்களையும் ஈர்க்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் இனத்தின் ஒட்டுண்ணி மற்றொன்றிலும் வாழும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. எனவே சென்னையில் வளர்ப்புத் தொடங்கும்போது கத்தரிக்காய், சுண்டைக்காய், தூதுவளை ஆகியவற்றில் கிடைக்கும் புழுக்களை ஒரே டப்பாவில் கலக்கக் கூடாது. தாவரத்துக்கு ஒரு டப்பா, காய்க்கு ஒரு எண், ஒவ்வொரு தாவரத்திலிருந்தும் ஆணும் பெண்ணுமாகச் சில வயிறுகள் திறந்து, கிளிசரினில் ஒரே கோணத்தில் படம் எடுத்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஆர்போனாலிஸாகவே வந்தாலும் அந்த ஸ்லைடுகள் வீணல்ல. அடுத்து வரும் சந்தேகத்துக்கிடமான வால்வாவை ஒப்பிட அவைதான் வேண்டும்.